இரண்டாவது காது

"காப்பி ரெண்டு. ஒண்ணுல சக்கரை வேணாம். காதுல விழுந்துச்சா? திருப்பிச் சொல்லு."

மப்ரூக்கா மாடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு தெருவுக்குச் சொல்கிறாள். கீழே காப்பிக்கடை லசாத் தட்டைத் தலைக்கு மேல் தூக்கி, எதிர்ச்சாரியில் இருப்பவர்களும் திரும்பிப் பார்க்கும்படி பாடுகிறான்: "காப்பி ரெண்டு! ஒண்ணுல சக்கரை இல்ல! எங்கம்மா பேரும் சொல்லணுமா?"

"வேணாம். எவ்வளவு நேரம் ஆகும்?"

"அஞ்சு."

"அஞ்சு என்ன?"

"அஞ்சு வருஷம்!"

அவள் சிரிப்பதில்லை. மணியைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள். வெறும் எண்ணைச் சொல்பவர்கள் மேல் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. முப்பது என்றால் முப்பது நொடியா, நொடியின் ஆயிரத்தில் முப்பது பங்கா? இந்த வித்தியாசம் தெரியாமல் ஒருமுறை ஒரு பெட்டி கரையைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே ஒரே காலையில் பேட்டரியைத் தின்று தீர்த்தது என்று வருபவர்களிடமெல்லாம் சொல்வாள். கேட்பவர்களுக்குப் பாதி புரியாது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஒரு பலகாரக் கடைக்கு மேலே இரண்டு அறைகள், அதுதான் கம்பெனி. வறுத்த பாதாம் வாசனை மின்சார ஒயர்களில்கூட ஏறியிருக்கும். மப்ரூக்காவுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். கெர்க்கென்னா தீவுக்காரி. மூக்குக் கண்ணாடியைத் தூண்டில் நரம்பில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பாள். கடலிலிருந்து எப்போது என்ன செய்தி வருமோ என்று கைப்பேசியை எப்போதும் மேஜை மேல், திரை மேலே தெரியும்படி மல்லாக்கத்தான் வைப்பாள். மேஜையைக் கடக்கும்போதெல்லாம் அதன் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, பெட்டியைப் பார்த்து "இருக்கியா?" என்பாள். பக்கத்து மேஜை வஜ்தி ஆறு வருஷமாக இதைக் கேட்கிறான். ஆரம்பத்தில் கேலி செய்தான். பிறகு பழகிவிட்டது. பிறகு, அவள் வராத நாட்களில் அவனே இரண்டு தட்டுத் தட்ட ஆரம்பித்தான்.

பெட்டி என்பது உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. தீவின் மீன்பிடிப் படகுகளில் பொருத்துவது. உள்ளே ஒரு சின்ன மூளை. கடிகாரத்துக்குக் கொஞ்சம் மேலே, கைப்பேசிக்கு ரொம்பக் கீழே. கரையிலிருக்கும் கணினி கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கும். பெட்டி இடத்தைச் சொல்லும். திரையில் படகு ஒரு புள்ளியாக நகரும். தொடர்பு இருக்கும் வரை பெட்டியில் ஒரு பச்சை விளக்கு எரியும். அவ்வளவுதான்.

ஆனால் அந்த "அவ்வளவுதான்" உள்ளே என்ன இருக்கிறது என்று அவள் காட்டியபோது வஜ்திக்கு மயிர்க்கூச்செறிந்தது. பெட்டி கரையோடு பேசத் திறக்கும் வாய்க்கு அவர்கள் தொழிலில் சாக்கெட் என்று பெயர். வாய் திறந்தால் போதாது, அதற்குக் குணம் சொல்லித்தர வேண்டும். பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது. பேச்சில்லாமல் எத்தனை நேரம் போனால் "இருக்கியா?" என்று கேட்பது. எத்தனை முறை கேட்டும் பதில் இல்லையென்றால் எதிராளி போய்விட்டான் என்று முடிவுகட்டி, புது வாய் திறப்பது. ஒவ்வொன்றும் ஒரு வரி, ஒரு எண். இவற்றை யாரும் சொல்லித்தராவிட்டால் பெட்டி காத்திருக்கும். மறுமுனை செத்துப்போனது தெரியாமல், சந்தேகம் இல்லாமல், கோபம் இல்லாமல், விளக்கை எரியவிட்டபடி காத்திருந்துகொண்டே இருக்கும். அத்தனை பொறுமை எந்த உயிருக்கும் கொடுக்கப்படவில்லை. அந்தப் பொறுமைக்கு ஓர் எல்லை எழுதுகிறவள் கீழேயிருந்து ஏறிவரும் பாதாம் வாசனைக்கு நடுவில் உட்கார்ந்து, "மூணு தடவ கூப்பிடு. வரலேன்னா விட்டுடு. காதுல விழுந்துச்சா?" என்று முணுமுணுத்தபடி தட்டுவாள். எழுதியதைப் பெட்டியிடமே திருப்பிக் கேட்டு, அது அதே எண்ணைச் சொன்ன பிறகுதான் அடுத்த வரிக்குப் போவாள்.

அவள் பக்கத்தில் ஓர் ஆலிவ் எண்ணெய்த் தகரம் உண்டு. பெட்டியை அதற்குள் போட்டு மூடினால் சிக்னல் செத்துவிடும். திறந்தால் பெட்டி தானாக எழுந்து மறுபடி கரையைக் கூப்பிட வேண்டும். புதிதாக எழுதிய எதுவும் அந்தத் தகரத்துக்குள் போய்த் திரும்பாமல் கடலுக்குப் போனதில்லை.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை, அவளுடைய தம்பி ஷாத்லி ஈரமான மீன் பையோடு மாடியேறி வந்தான். பையிலிருந்து பெட்டியை எடுத்துத் தகரத்தின் மேல் வைத்தான். ஸலாம்கூடச் சொல்லவில்லை.

"இத மீனுக்குப் போடு. மீனாவது தின்னுதா பாப்போம்."

"என்னடா ஆச்சு? வீட்ல பிள்ளைங்க நல்லா இருக்கா?"

"பிள்ளைங்க நல்லாத்தான் இருக்கு. அப்பன்தான் போயிருப்பான்." இரட்டை ஆண் பிள்ளைகளுக்குத் தகப்பனாகி இரண்டு வாரம்கூட ஆகாதவன். "வலைக்கயிறு எஞ்சின் இறக்கையில சுத்திக்கிச்சு. எஞ்சின் நின்னுபோச்சு. ஃபோன்ல தண்ணி. காத்து வெளிக்கடலுக்குத் தள்ளுது. ஆளுங்க பயந்துட்டானுங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? அந்தா பாருங்கடா, பச்ச எரியுது, பச்ச எரிஞ்சா எங்கக்கா பாத்துட்டிருக்கான்னு அர்த்தம், சும்மா உக்காருங்கன்னேன். உக்காந்தோம். சாயந்தரம் வரைக்கும் உக்காந்தோம். மஹ்தியாக்காரன் படகு ஒண்ணு தற்செயலா அந்தப் பக்கம் வந்துச்சு."

அவன் கடலில் கிடந்த அன்று மதியம் மப்ரூக்கா திரையைப் பார்த்திருந்தாள். தம்பியின் புள்ளி, தீவின் மேற்கே பேரீச்சை மட்டை நட்டு மீன் மறிக்கும் வேலியோரம் அசையாமல் நின்றது. தூங்குகிறான் போலிருக்கிறது, ராத்திரியெல்லாம் பிள்ளைகள் அழுதிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

"கடல்ல எது அக்கா அசையாம நிக்கும்?" என்றான் ஷாத்லி. கத்தவில்லை. அதுதான் வஜ்திக்குத் தாங்கவில்லை. "ஞாயித்துக்கிழம பேய்க்கணவாய் பிடிக்கப் போறோம். நாப்பது படகு. எல்லாரும் என்னைத்தான் பாக்குறானுங்க. நான் கழட்டுனா அவனுங்களும் கழட்டிருவானுங்க. மாட்டிக்கிட்டுப் போறதா, புடுங்கிப் போட்டுட்டுப் போறதா? நீயே சொல்லு."

"ஞாயித்துக்கு முன்னால சொல்றேன்."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டுவிட்டு, அவளுடைய கேள்வியையே அவளிடம் கேட்டதை உணர்ந்து, தம்பி பாதி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. "சனிக்கிழம, தீவுக்குப் போற கடைசிக் கப்பலுக்கு முன்னால" என்றாள்.

அவன் போனதும் பெட்டி தகரத்துக்குள் போனது. மூடினாள், திறந்தாள். எழுந்தது. மறுபடி மூடினாள், திறந்தாள். எழுந்தது.

"லல்லா, பெட்டி நல்லாத்தான் இருக்கு. கடல்லதான் ஏதோ" என்றான் வஜ்தி. பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் அந்தச் சொல்லால்தான் அவளைக் கூப்பிடுவான்.

"தகரத்துல போட்டா அதுக்கே தெரிஞ்சிடுது வஜ்தி. சிக்னல் போச்சுன்னு. உடனே எல்லாத்தையும் முதல்லேருந்து ஆரம்பிச்சிடுது. கடல்ல சிக்னல் இருந்திருக்கு. நடுவுலதான் அறுந்திருக்கு. ரெண்டு பக்கமும் உசிரோட இருக்கு, நடுவுல மட்டும் செத்திருக்கு."

சுவரோரம் போன ஒயரை, பெட்டிக்கும், கரைக் கணினியாக நிற்கும் வஜ்தியின் கணினிக்கும் நடுவில், பிடுங்கினாள். பச்சை எரிந்தது. ஒரு நிமிஷம் போனது. பெட்டி மூன்று முறை கேட்டிருக்க வேண்டும், விளக்கு அணைந்தது. ஒயரைச் செருகினாள். எழுந்து, புது வாய் திறந்து, கரையைப் பிடித்துக்கொண்டது. பச்சை.

வஜ்தி கைதட்டினான். "இதையும் கோடையிலேயே பாத்துட்டோமே! பாஸ் ஆச்சுன்னு கீழேருந்து மக்ரூத் இனிப்பு வாங்கித் தின்னோமே!"

"தின்னோம்" என்றாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். பெட்டியை அணைக்கவில்லை, தொடவில்லை. அப்படியே கையை நீட்டி அதே ஒயரை மறுபடி பிடுங்கினாள்.

பச்சை எரிந்தது. ஒரு நிமிஷம் போனது. எரிந்தது. இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரில் உட்கார்ந்தார்கள். பிடுங்கிய ஒயர் தரையில் கிடந்தது. அதன் மறுமுனையில் யாரும் இல்லை என்பது அறையில் எல்லாருக்கும் தெரியும், பெட்டியைத் தவிர. லசாத் காப்பியோடு வந்தான். இரண்டு பேர் விளக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு தானும் குனிந்து பார்த்தான்.

"நல்லா எரியுதே! இதுக்கு ஏன் மூஞ்சி இப்படி?"

அந்தச் சின்னப் பச்சைக்குப் பின்னால் ஒரு படகும் நான்கு பேரும் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்ததை வஜ்தி அப்போதுதான் உண்மையாகவே பார்த்தான். அவனுடைய திரையும் சேர்ந்துதானே பொய் சொன்னது. பதில் வராத படகைக் கடைசியாகக் கண்ட இடத்திலேயே உட்காரவைத்தது அவன் எழுதிய வரி.

"ஒரு தடவ கொன்னு பாத்தோம், எந்திரிச்சிது, சந்தோஷப்பட்டோம்" என்றாள் மப்ரூக்கா. "ரெண்டாவது தடவ யாருமே கொல்லல."

வெள்ளி முழுக்க இருவரும் மேஜையை விட்டு எழவில்லை. வஜ்தி தன் பக்கத்தில், பதில் வராத புள்ளி உடனே சாம்பல் நிறமாகும்படி மாற்றி எழுதினான். அவளும் எழுதினாள். எழுதியதைவிடத் திருப்பிக் கேட்டதுதான் அதிகம். பிறகு கொல்ல ஆரம்பித்தாள். ஒயரைப் பிடுங்கினாள், செருகினாள், பிடுங்கினாள். ஒவ்வொரு முறையும் விளக்கு அணைந்து எரிந்தது. எத்தனை முறை என்று வஜ்தி எண்ணுவதை விட்டுவிட்டான். விரல் நுனி சிவந்துபோய், கையை மாற்றிக்கொண்டு பிடுங்கினாள். ராத்திரி, மற்ற படகுகளின் பெட்டிகளுக்கும் கரையிலிருந்தே அதை அனுப்பினாள்.

சனிக்கிழமை ஷாத்லி வந்தான். உட்காரவில்லை.

"என்ன கோளாறு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. படகுக்காரனுங்ககிட்ட நான் சொல்லணும்."

அவள் ஒயரைக் கீழே வைத்தாள்.

"பிள்ளைங்க பொறந்தப்ப காதுல பாங்கு சொன்னியே. மூத்தவன் காதுல சொன்ன."

"ஆமா."

"சின்னவனுக்கு?"

"அவன் காதுலயும் சொன்னேன். பின்ன?"

"ஏன்? ஒரே அறைதானே. ஒரே வயிறுதானே. மூத்தவனுக்குச் சொன்னது சின்னவனுக்கும் கேட்டிருக்காதா?"

"என்னக்கா பேச்சு இது! அவனவன் காதுல தனியாத்தான் சொல்லணும்."

"பெட்டி ஒவ்வொரு தடவ நடுவுல அறுந்து எந்திரிக்கும்போதும் உள்ள ஒரு புதுப் பிள்ளை பொறக்குது. எவ்வளவு காத்திருக்கணும், எப்ப கூப்பிடணும், எப்ப கைவிடணும், எல்லாத்தையும் மூத்தவன் காதுல சொல்லியிருந்தது. ரெண்டாவது பொறந்தவன் காதுல யாரும் ஒண்ணும் சொல்லல. அவன் பாட்டுக்கு வெளக்கப் போட்டுட்டு உக்காந்திருந்தான்."

ஷாத்லி பெட்டியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"சொல்லாம விட்டது யாரு?"

வஜ்தி வாயைத் திறந்தான். ஒரே மேஜை வரிசை, எழுதியது நாங்கள் என்று சொல்ல நினைத்தான். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.

"நான்."

"ஊரையே திருப்பிச் சொல்ல வைப்பியே அக்கா" என்றான். அதில் குத்தல் இருந்தது, ஆனால் கூர்மை போயிருந்தது. பெட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். "இப்ப எல்லார் காதுலயும் சொல்லியாச்சா?"

"இனிமே பொறக்கப்போறவன் காதுலயும்."

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு விடுமுறை. பலகாரக் கடையும் பாதிக் கதவுதான். வஜ்தி மாடியேறியபோது அவள் ஏற்கெனவே திரைக்கு முன்னால் இருந்தாள். தீவைச் சுற்றி நாற்பது கறுப்புப் புள்ளிகள். ஒருவனும் கழற்றவில்லை. கைப்பேசி வழக்கம்போல மேஜையில், மல்லாக்க.

முற்பகலில் ஷாத்லியின் புள்ளி சாம்பலானது. வஜ்தியின் கை கைப்பேசியை நோக்கிப் போனது. அவள் தடுத்து மூன்று விரல்களை உயர்த்தினாள். திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒன்றை மடக்கினாள். கொஞ்ச நேரம் விட்டு இன்னொன்று. மூன்றாவதும் மடங்கி வெறும் முஷ்டியானது. புள்ளி வேறோர் இடத்தில் கறுப்பாகப் பூத்தது. வஜ்தி துள்ளி எழுந்தான்.

"உக்காரு" என்றாள். "இது மூத்தவன்."

லசாத் காப்பி கொண்டுவந்து வைத்தான்; ஆறியது. இன்னொன்று கொண்டுவந்தான், அதுவும் ஆறியது. காற்று எழும்பி ஜன்னல் கதவு அடித்துக்கொண்டது. மதியம் தாண்டி, வெளிக்கடல் பக்கம், அதே புள்ளி மறுபடி சாம்பலானது.

மூன்று விரல்கள். ஒன்று மடங்கியது. இரண்டு மடங்கின. மூன்றாவதும் மடங்கியது.

சாம்பல்.

சாம்பல்.

பிறகு, இன்னும் கொஞ்சம் கிழக்கே, கறுப்பு.

மப்ரூக்கா முஷ்டியைத் திறந்தாள். கைப்பேசியை எடுத்தாள். தம்பியைக் கூப்பிடப்போகிறாள் என்று வஜ்தி நினைத்தான். அவள் அதைத் திருப்பி, முதல்முறையாக, மேஜையின் மேல் கவிழ்த்து வைத்தாள்.