முஆதும் நானும் நீட்டிய தொழுகை

சகோதரர்களே, 1994 குளிர்காலத்தில் ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு நல்ல மனிதரைப் பள்ளிவாசலை விட்டே துரத்தினேன். அல்லாஹ் என்னை எப்படித் திருத்தினான் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஒரு கடைக்குப் பின்னாலிருந்த வாடகை அறைதான் எங்கள் பள்ளி. பன்னிரண்டு பேர் வருவோம். மூன்று வருடம் மதரஸாவில் ஓதியவன் என்பதால் தொழுகை நடத்துவது நான். நாலு பேர் என் ஓதலைப் புகழ, எனக்குத் தலைகால் புரியவில்லை. குளிர்காலத்தில் அங்கே நாலரைக்கே பொழுது சாய்ந்துவிடும்; அன்று அந்திநேர மஃரிப் தொழுகையில் குர்ஆனின் நீண்ட சூராவாக எடுத்தேன். எங்களில் ஒருவரான சலீமுக்கு ஐந்து மணிக்கு உணவகத்தில் சட்டி கழுவும் வேலை. பாதியில் விலகி, மூலையில் தனியாகத் தொழுதுவிட்டு ஓடினார். "இவன் ஒரு முனாஃபிக்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நயவஞ்சகனாம்! மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டபோது என்னோடு ஒரே வள்ளத்தில் வெளியேறியவரை.

சொல் அவர் காதுக்குப் போனது. அதன் பிறகு அவர் வரவில்லை. தொலைபேசியில் என் குரல் கேட்டதும் வைத்துவிட்டார். மூன்று வாரம் ஸஜ்தாவில் நெற்றி வைத்து அழுதேன். "யா அல்லாஹ், சலீமின் மனதை மாற்று."

ஒரு சனிக்கிழமை, பிள்ளைகளின் பாடத்துக்காக முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களின் வரலாற்றைப் புரட்டினேன். நபியவர்களிடமே படித்த பெரிய ஆசிரியர். அவரும் தம் மக்களுக்குத் தொழுகையை நீட்டினார். வேலை செய்து களைத்த ஒருவர் விலகிப்போனார். அவரை முஆத் நயவஞ்சகர் என்றார். விஷயம் நபி (ஸல்) அவர்களிடம் போனபோது கண்டிக்கப்பட்டவர் முஆத்தான். எத்தனையோ தடவை படித்த கதை, அன்று என் கதையாகவே இருந்தது. அதே முஆதைப் பின்னர் யெமனுக்கு ஆசிரியராக அனுப்பினார்கள் என்ற இடத்தில்தான் எனக்கு உயிர் வந்தது.

நேரே உணவகத்தின் பின்வாசலுக்குப் போனேன்.

"சலீம், பிழை என்னிலதான். எல்லாருக்கும் முன்னால மன்னிப்புக் கேக்கிறன். வாங்கோ."

அவர் கையைத் துடைத்தார். அண்ணன் முறை வைத்தே பேசினார். "நானா, நான் ஒரு நாளும் தொழாம விடேல்லை. இஞ்ச, இந்த மட்டையைப் போட்டுத்தான் தொழுறன்."

நனைந்த காகித மட்டை. விம்மி அழுதுவிட்டேன்.

மறுநாள் மஃரிபுக்கு வந்தார். சொன்னபடி மன்னிப்புக் கேட்டேன். சின்னச் சூராக்களை ஓதி முடித்தேன். அல்ஹம்துலில்லாஹ், இன்றுவரை அப்படித்தான்.

பிரிந்த ஒருவருக்காக நீங்களும் அல்லாஹ்விடம் துஆ கேட்கிறீர்களா? தைரியமாகக் கேளுங்கள். அவன் கட்டாயம் பதில் தருவான். பதில் வந்ததும் காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டு நீங்களே புறப்பட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.