முதலாவதாகக் கேட்டது

திரையில் ஏழு சிறு படங்கள் வட்டமாக நின்றன: கலப்பை, பானை, வில், மண்வெட்டி, மாட்டுத்தலை, எழுத்தாணி, அகல்விளக்கு. இவற்றுள் ஒன்றை நாம் தொட்டால், நம் பொறுப்பில் விடப்பட்ட ஒரு சிறு மக்கள் கூட்டம் அந்தக் கலையை முதலில் கற்கத் தொடங்கும், மற்றவை பின்னர்தான். நால்வர் ஒரே வேளையில் அவரவர் கணினியிலிருந்து ஆடும் விளையாட்டு அது. மூவர் தொட்டு முடித்துவிட்டோம். என் மனைவியின் தம்பி மட்டும் இன்னும் தொடவில்லை. பதினைந்து ஆண்டுகள் ரப்பர்ப் பால்மரம் சீவிக் காய்ப்பேறிய அவருடைய விரல் சுட்டியின்மேல் அசையாது நிற்பதை, ஈப்போ நகரின் மறுகோடியில் என் வீட்டில் அமர்ந்தபடியே என்னால் காண முடிந்தது. காதில் மாட்டியிருந்த கருவியில் அவர் மூச்சு மட்டும் கேட்டது.

“என்னா தவுக்கே, பெரிய மொதலாளி மாதிரி நிலம் வாங்கப் போறீங்களா, விளையாட வந்தீங்களா? சீக்கிரம் அமுக்குங்க லா!” என்றார் டிரெசர்.

“இருங்க லா. தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாக்குறேன்” என்றார் மைத்துனர்.

டிரெசர் எங்கள் ரப்பர்த் தோட்டத்து மருத்துவமனையில் காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர். கிறிஸ்தவர். தோட்டமே இல்லாமற் போன பின்னும் அந்தப் பட்டம் அவரை விட்டுப் போகவில்லை. நான்காமவள் மைத்துனரின் மகள், எனக்கு மருமகள் முறை. ஓர் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிகிறாள். நோய்த்தொற்றுக்கு அஞ்சி நாடே வீட்டுக்குள் அடைபட்டிருந்த மாதங்களில், தன் தந்தை அடுக்குமாடி வீட்டின் சன்னலருகே நாள் முழுதும் பேசாமல் அமர்ந்திருப்பதைக் காணப் பொறாமல், இந்த ஆட்டத்தை ஏற்பாடு செய்தவள் அவளே. கோயில்களும் அப்போது பூட்டிக் கிடந்தன. நாள் தவறாமல் சந்நிதியில் நின்று பதிகம் பாடிப் பழகிய எனக்குக் காலைப்பொழுது பெருஞ்சுமையாயிற்று. ஞாயிறுதோறும் பத்து மணிக்கு ஆடத் தொடங்கினோம். கட்டுப்பாடுகள் நீங்கிய பின்னும் அந்த வழக்கத்தை விடவில்லை.

நான் எப்போதும் அகல்விளக்கையே தொட்டேன். அது வழிபாட்டுக் கலை. அதை முந்திக் கற்ற கூட்டமே ஒரு சமயத்தை நிறுவலாம்; பிந்தி வருபவருக்கு அந்தப் பேறு இல்லை. ஆகவே எனக்கு அதில் ஐயமே எழுந்ததில்லை. என் குடிகள் பசிய வெளியின் நடுவே கல்லால் ஒரு கோயில் எழுப்புவார்கள். சுற்றிலும் பொன்னிறத்தில் ஒளி பரவும். அதைக் கண்டு சில கணம் என் கண் நனைந்ததும் உண்டு. ஆனால் அவர்களுக்கு விதைக்கத் தெரியாது; வில்லெடுக்கவும் தெரியாது. இருபது சுற்று கடப்பதற்குள் பசி வரும். முப்பதாவது சுற்றில் காட்டிலிருந்து கொள்ளையர் வருவார்கள். “வாத்தியாரு ஊருல கும்பாபிஷேகம் தடபுடலா முடிஞ்சிருச்சு. சாப்பாட்டுக்குத்தான் ஜனங்க பக்கத்து ஊருக்குப் போகணுமாம்!” என்று டிரெசர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். மறு ஞாயிறு மீண்டும் விளக்கையே தொடுவேன்.

மைத்துனருக்கு அப்படியொரு நிலைத்த விருப்பம் கிடையாது. ஆறு இருந்தால் கலப்பை, குன்றிருந்தால் மண்வெட்டி, காடு நெருங்கி நின்றால் வில். ஒருமுறை பானையை முதலில் எடுத்தார். ஏனென்று கேட்டேன். அறுவடையைச் சேர்த்து வைக்கப் பாத்திரம் இல்லாவிட்டால் கலப்பையால் ஆவதென்ன என்றார். “நிலத்தைப் பாக்காம பாடத்தை எடுக்கக் கூடாது மச்சான். நம்ம இஷ்டத்துக்கா அதுங்களுக்குப் பசிக்குது?” என்று அவர் சொன்னது இன்றும் என் செவியில் நிற்கிறது. வழிபாட்டை அவர் ஒதுக்கியவரல்லர். ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ அதற்கும் ஒரு முறை வரும். அப்போது அவருடைய கோயிலைச் சுற்றி வீடுகள் நிறைந்திருக்கும். ஒரு ஞாயிறு, என் ஊர் எரிந்து என் குடிகள் திக்கற்று நின்றபோது, ஆற்றங்கரையில் தாம் வளர்த்திருந்த ஓர் ஊரை அப்படியே என் பெயருக்கு மாற்றினார். “வெச்சுக்கங்க மச்சான். ஜனங்க எங்க போவாங்க, பாவம்” என்றார். நான் நகைத்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன். அன்று இரவு உணவுக்கு அமர்ந்தபோதுதான் அந்த நகைப்பு நெஞ்சில் முள்ளாய் ஏறியது. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டேன்.

காரணத்தை இனி மறைப்பதற்கில்லை.

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் இருந்த எங்கள் தோட்டம் விற்கப்பட்ட காலத்தில், நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியின் ஆசிரியன். அம்மன் கோயில் நிர்வாகக் குழுவின் செயலாளன். நிர்வாகத்திடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு பக்கக் கடிதம் வந்தது. தொழிலாளர் தம் கோரிக்கைகளை வரிசைப்படுத்தி எழுதித் தரலாம், முதலாவது உறுதியாக நிறைவேற்றப்படும், ஏனையவை பரிசீலிக்கப்படும். ‘பரிசீலிக்கப்படும்’ என்ற சொல்லின் பொருளை அறியும் அளவுக்கு ஆங்கிலம் படித்தவன் எங்கள் குழுவில் நான் ஒருவனே. வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் கோயில் முற்றத்திலேயே கூட்டம் கூடியது. கற்பூர வாசனை அடங்கியிருக்கவில்லை. தோட்ட வீடுகளில் வாழ்ந்தோரெல்லாம் வெளியேற வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அம்மனும் வெளியேற வேண்டும் என்பதுதான் அன்று எல்லாரையும் அழவைத்தது.

அப்போது மைத்துனர் எழுந்தார். முப்பது வயதுகூட நிரம்பாதவர். மனைவியும் கைக்குழந்தையும் பெண்கள் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். “மொதல்ல வீட்டு மனைக்குக் கிராண் கேப்போம் மச்சான். நம்ம பேருல பட்டா இருந்தா, ஆத்தாவை ஒரு ஓலைக் கொட்டாயிலயாச்சும் வெச்சுக் கும்பிடலாம். நாம இல்லாத எடத்துல ஆத்தா யாருக்காக உக்காந்திருப்பா?” என்றார்.

அதற்கு நான் விடை கூறவில்லை. பாடினேன். கோயிலில்லாத ஊரின் வெறுமையைச் சொல்லும் பழம்பதிகம் ஒன்றை, குரல் தழுதழுக்க, முழுவதும் பாடினேன். அந்நாளில் எனக்கு நல்ல சாரீரம். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், முதியவர்கள் கைகூப்பினார்கள். பாட்டை எதிர்த்து ஒரு பால்மரத் தொழிலாளி என்ன பேச முடியும்? அவர் அமர்ந்துவிட்டார். ஒன்று, கோயிலுக்குப் பட்டாவுடன் மாற்று நிலம், இரண்டு, வீட்டு மனைகள், மூன்று, பள்ளி. என் கையால் எழுதினேன். ஈப்போவில் எனக்கு அப்போதே சொந்த வீடு இருந்தது. கூட்டத்திலிருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும். மைத்துனர் அன்று அதைச் சொல்லிக் காட்டியிருந்தால் என் பாட்டு தொண்டையிலேயே நின்றிருக்கும். அவர் சொல்லவில்லை. அக்காள் புருஷனைச் சபையில் குனியவைக்கக் கூடாது என்ற மரியாதை. அந்த மரியாதையின்மேல் நின்றுதான் நான் வென்றேன்.

முதலாவது நிறைவேறியது, அதில் குறை சொல்ல இடமில்லை. நெடுஞ்சாலையோரத்தில், பட்டாவுடன், மண்டபத்துடன் கோயில் எழுந்தது. மற்றவை பரிசீலிக்கப்பட்டன. அறுபது குடும்பங்கள் ஈப்போவிலும் தாப்பாவிலும் வாடகை வீடுகளுக்குச் சிதறின. இன்று அக்கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு தமிழ் வீடு கிடையாது. திருவிழாவன்று வண்டிகள் வரிசையாக வரும். மறுநாள் அம்மனும் லாரிகளின் இரைச்சலுமே எஞ்சும். மைத்துனர் லாரி ஓட்டினார். பிறகு ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நின்றார். ஆறாம் மாடியில் வாடகைக்குக் குடியிருந்தார். தீபாவளிக்கு என் வீட்டுக்கு வருவார், முறுக்கைப் பிட்டுத் தின்பார், என் தோட்டத்து வாழையைப் பார்த்து நன்றாயிருக்கிறது என்பார். முப்பது ஆண்டுகளில் அந்தக் கூட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. அவர் மறந்துவிட்டார் என்று எண்ணிக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

சிறுநீரகம் கெட்டு, வாரம் மும்முறை இயந்திரத்தில் குருதி சுத்திகரிக்க வேண்டிய நிலைக்கு அவர் வந்தபோது, இனியும் காலந்தாழ்த்தலாகாது என்பது எனக்கு விளங்கியது. இறைவனிடம் பிழை பொறுக்குமாறு வேண்டும் பாடல்கள் நூற்றுக்கணக்கில் என் நாவில் உண்டு. மனிதனிடம் கேட்பதற்கு ஒரு வாக்கியம் இல்லை. ஆகையால் கோழையைப்போல் ஆட்டத்தைத் துணைக்கழைத்தேன். அந்த ஞாயிறு என் குடிகளுக்கு இரு கிளையாக ஓடும் ஓர் ஆறு வாய்த்தது. படங்கள் வந்தன. நான் கலப்பையைத் தொட்டேன். யார் எதைத் தொட்டார் என்பதை மற்றவர்களுக்கும் திரை காட்டும்.

“அட, வாத்தியாரு மதம் மாறிட்டாரு டோய்!” என்று கூவினார் டிரெசர். “அடுத்த வாரம் சர்ச்சுக்கு வாங்க வாத்தியாரே, முன் வரிசையில எடம் போட்டு வெக்கிறேன்!” மருமகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

மைத்துனர் சிரிக்கவில்லை. “ஆட்டத்துல மாத்தி எழுதுறது சுலுவா இருக்கு, இல்ல மச்சான்?” என்றார். குரலில் சினம் இல்லை, களைப்புத்தான் இருந்தது. “எனக்கு ஒடம்பு ஒரு மாதிரி இருக்கு. நீங்க ஆடுங்க” என்று சொல்லி வெளியேறினார். திரையில் அவருடைய மக்கள் எந்தக் கலையும் கற்காமல் வெறுமனே நின்றார்கள்.

அவர் வீடு என் வீட்டிலிருந்து அரைமணிப் பயணம். அன்றே போயிருக்கலாம். நவராத்திரி முடியட்டும் என்றிருந்தேன். பிறகு கந்தசஷ்டி வந்தது. விரதத்தைக் காரணம் காட்டுவோர் எத்தனையோ பேரை நான் கடிந்ததுண்டு.

கார்த்திகையில் ஒரு காலை, மருத்துவமனையிலிருந்து மருமகள் அழைத்தாள். தந்தையின் முடிவைச் சொன்னாள், அழவில்லை. “மாமா, எங்க பிளாட்டு லிப்ட் ரெண்டு வாரமா ரோசாக், ஓடல. ஆறு மாடிக்குப் படியில பெட்டி திரும்பாது. கோயில் மண்டபத்துல ஒரு ரெண்டு மணி நேரம் வெச்சுக்கலாமா? சொந்தக்காரங்க மொகம் பாத்துட்டா போதும்.”

நான் இன்று அக்கோயிலின் தலைவன். வளாகத்துக்குள் பிரேதம் வரலாகாது என்ற விதியையும் நானே எழுதினேன். ஆகமம் பார்த்து, பெரியோரைக் கேட்டு எழுதினேன். விதி தவறானதன்று. ஆனால் மண்டபத்துக்கு வெளியே, மதிலுக்கு அப்பால், அதே பட்டாவுக்குள் அரை ஏக்கர் புல்வெளி கிடக்கிறது. அங்கே ஒரு கூடாரம் போட்டிருக்கலாம். அது எனக்கு மறுநாள்தான் தோன்றியது. அந்தக் கணத்தில் என் வாய், நான் நினைக்கும் முன்பே, “அது முறையில்லம்மா” என்றது.

“தெரியும் மாமா. சும்மாத்தான் கேட்டேன்” என்று அவள் கைப்பேசியை வைத்தாள்.

அடுக்குமாடியின் கீழே, வண்டிகள் நிறுத்துமிடத்தில், நீலத் தார்ப்பாலின் ஒன்றைக் கட்டியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் எவர் மறைந்தாலும் பதிகம் பாடுபவன் நான். புத்தகத்தைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தொண்டையைக் கனைத்தேன். மருமகள் அருகே வந்தாள்.

“பாட்டு இப்ப வேணாம் மாமா. பெட்டி வந்துகிட்டு இருக்கு. அந்த மோட்டாருங்களைக் கொஞ்சம் நகத்தி விடுங்க.”

தூணோரம் இருபது மோட்டார் சைக்கிள்கள் நெருக்கி நின்றன, எல்லாம் பூட்டியவை. புத்தகத்தைக் கீழே வைத்தேன். பின்புறத்தைத் தூக்கித்தான் ஒவ்வொன்றையும் தள்ள வேண்டியிருந்தது. டிரெசர் வந்து மறுபக்கம் பிடித்தார். ஐந்தாவதை நகர்த்தும்போது இருவருக்கும் மூச்சு வாங்கியது. சவ வண்டி உள்ளே திரும்பியது.

“இன்னும் கொஞ்சம் மாமா. அப்பாவுக்கு எடம் பத்தாது” என்றாள் அவள்.

அடுத்ததைப் பிடித்துத் தூக்கினேன்.