இருபத்து நாலு டிகிரி

இது நிஜமாக நடந்தது. இருட்டு, புளியமரம், நாய் ஊளை எதுவும் இதில் கிடையாது. போன மே மாதம், திண்டிவனத்தில், பட்டப்பகலில் நடந்தது. நடந்தது கல்யாண வீடியோ எடுக்கும் பிரான்சிஸுக்கு. இட்டுக்கட்டிப் பேச அவனுக்கு வராது. இதைச் சொல்லும்போதுகூட அவன் கண் தரையில்தான் இருந்தது.

அவன் மனைவி ரோஜா ஜனவரியில் இறந்துபோனாள். நாலு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அதற்கு முந்தைய மாதம் இருவரும் திருவக்கரைக்குப் போயிருந்தார்கள். கல்லாகிப் போன மரங்களுக்கு நடுவே அவளை நிற்க வைத்து வீடியோ எடுத்தான். அவள் கேமராவைப் பார்த்து ஏதோ சொன்னாள். காற்றில் அவனுக்கு விளங்கவில்லை.

"என்னா சொன்ன?"

"ஒண்ணும் இல்ல, வாங்க போலாம்."

அவள் போன பிறகு அந்த ஒன்றுமில்லாததுதான் அவனுக்கு எல்லாமும் ஆயிற்று. என்ன சொன்னாள்? வீடியோவில் காற்றுதான் இரைந்தது. உதடு மட்டும் அசைந்தது.

காற்றுச் சத்தத்தை வடித்துவிட்டுக் குரலை மட்டும் எடுத்துத் தரும் மென்பொருள் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டான். ஜனவரிக்குப் பிறகு தொடாமல் கிடந்த கம்ப்யூட்டரைத் தூசி தட்டி ஓடவிட்டான். பழைய பெட்டி. வேலை முடிய ஆறு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. தினமும் பாதியில் கரண்ட் போய்விடும். மறுபடி முதலிலிருந்து. நாலு நாள் இதே பாடு.

விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பன் கோபிக்கு போன் போட்டான்.

"ஓவர்கிளாக் பண்ணிப் பாரேன்டா," என்றான் கோபி. "கம்பெனி வெச்ச ஸ்பீடுக்கு மேல ஓட்றது. கொஞ்சம் கொஞ்சமா ஏத்து, ஒரேடியா ஏத்திடாத. மொதல்ல ப்ராசசரு, அப்புறம் மெமரி. ஜாஸ்தியாப் போனா தானா ஆஃப் ஆயி பழைய ஸ்பீடுக்கே வந்துடும், பயந்துக்காத. ஆனா சூட்ட மட்டும் பார்த்துக்கினே இரு. தொண்ணூறத் தாண்டுனா விட்ரு."

மறுநாள் மதியம் உட்கார்ந்தான். வெளியே வெயில் கொளுத்தியது. மின்விசிறி அனலை வாரி அடித்தது. ப்ராசசர் வேகத்தை ஒரு படி ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்கினான். திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் எண்.

முப்பத்தொன்று.

குறைவாக இருக்கிறதே, நல்லதுதான் என்று நினைத்தான். இன்னொரு படி ஏற்றினான்.

இருபத்தெட்டு.

ஏற்றினால் ஏற வேண்டியது இறங்குகிறது. போனில் ஊர் வெப்பநிலையைப் பார்த்தான். முப்பத்தெட்டு. அறையைவிட ப்ராசசர் குளிர்ந்திருக்கிறது. கோபியைக் கூப்பிட்டான்.

"அது எப்புட்றா? ரூம் சூட்டுக்குக் கீழ போவவே போவாது. சென்சார் அவுட்டாயிருக்கும். வேலை ஓடுதுல்ல?"

"ஓடுது."

"ஓட்டு, ஓட்டு."

மெமரி வேகத்தையும் ஏற்றினான். திரை ஒருமுறை கறுத்து, திரும்ப வந்தது. வேலை பறந்தது. ஆறு மணி நேரம் என்று இருந்தது நாற்பது நிமிடமாகக் குறைந்தது. அவ்வளவு குறைய வழியே இல்லை. அப்போது அவனுக்கு அது தோன்றவில்லை.

இருபத்து நாலு.

பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது.

ஸ்ஸ்...

சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் பிடித்துவிட்டவர்கள் இழுப்பார்களே, அந்த மூச்சு.

ஃபேன்தான் என்று நினைத்துக்கொண்டான். இன்னும் ஒரு படி ஏற்றினான்.

ஸ்ஸ்... ஆ...

நிறுத்தவில்லை. இன்னும் கொஞ்சம்தான்.

தொண்ணூற்றெட்டு சதவீதம்.

தொண்ணூற்றொன்பது.

முடிந்தது.

ஹெட்போனை மாட்டி அழுத்தினான். காற்று இல்லை. ரோஜா இருந்தாள். காதோடு காதாக இருந்தாள்.

"போதுங்க... நிறுத்திடுங்க. கை சுடுது."

திரை அணைந்தது.

வீடியோ எடுத்த அன்றைக்குத் திருவக்கரையில் தூறல். குளிர் தாங்காமல் முந்தானையைத் தலையோடு போர்த்தி, கைகளை அதற்குள் மடக்கி வைத்துக்கொண்டுதான் அவள் நின்றிருந்தாள்.

அதன் பிறகு கம்ப்யூட்டர் உயிர்பெறவில்லை. மறுநாள் காலையில் அதைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம் பஸ் ஏறினான். மடியில் வைத்து, வழி முழுக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். கோபி மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான்.

"இத்தினி நாளா இதுலயா ஓட்டிக்கினு இருந்த?"

"ஏன்?"

ப்ராசசரின் சூட்டை உறிஞ்சும் அலுமினியக் கட்டி, ஃபேனோடு சேர்ந்து, ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் பூட்டுகள் எப்போதோ உடைந்துபோயிருந்தன. உடைந்த இடத்தில்கூடத் தூசி படிந்திருந்தது. ஃபேன் சுற்றியதால் ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் கட்டி ப்ராசசரைத் தொடவே இல்லை. நடுவில் கை நுழையும் அளவுக்கு இடைவெளி.

"இப்படி இருந்தா ரெண்டு நிமிஷம் தாங்காதுடா. நீ ஏத்துன ஸ்பீடுக்கு அரை நிமிஷம்கூட ஓடாது."

பிறகு டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனான். ப்ராசசரின் மேல் தடவியிருந்த சாம்பல் நிறப் பசை கருகி இறுகியிருந்தது. அதில் நாலு விரல்கள் பதிந்திருந்தன. மெல்லிய விரல்கள்.

"யாருடா இதுல கைய வெச்சது?"

பிரான்சிஸ் கிட்டே குனிந்தான். தன் விரலை அதன் பக்கத்தில் கொண்டுபோனான். தொடவில்லை.

"சரி, வேற மாட்டித் தரட்டுமா?" என்று கேட்டான் கோபி.

எளிய கேள்விதான். பிரான்சிஸ் அந்த நாலு விரல் தடத்தையே பார்த்தான். மாட்டாமல் விட்டால் அவள் மறுபடி வருவாள். வந்து கையை வைப்பாள்...

கடை வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் கூப்பிட்டுவிட்டுப் போயிற்று.

"மாட்டுடா," என்றான். "ஆடாத மாதிரி, கெட்டியா மாட்டு. ஸ்பீடையும் பழையபடியே வெச்சுரு."

கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடுகிறது. வடித்தெடுத்த குரல் அதில் பதிவாகியிருக்கவில்லை. வீடியோவில் பழைய காற்றுதான் இருக்கிறது. தினமும் அதைப் போட்டுவிட்டு, திரையின் மூலையில் இருக்கும் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஐம்பத்தெட்டு. அறுபது. அறுபத்தொன்று.

அதற்குப் பிறகு அது ஒரு நாளும் இறங்கவில்லை.