ரோசாவின் தண்ணீர் மோட்டார்

மூலக்குளத்தில், மாதாகோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் பிள்ளைகளுக்குப் புதுநன்மை கவுன் தைத்துக் கொடுப்பவர் ரோசா. போன ஏப்ரலில் அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டாரை யாரோ பைப்பை அறுத்துக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஐம்பது வயது தாண்டும்வரை போலீஸ் ஸ்டேஷன் பக்கமே போகாத ரோசா, நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு புகார் கொடுக்கப் போனார்.

ஏட்டு பிரேம்குமார் பொறுமையாகத்தான் பேசினார்.

"ஒரு கொல கேசு ஓடுது. நாளைக்கு மந்திரி வர்றாரு, பந்தோபஸ்து. நீங்க மோட்டாருன்னு வந்து நிக்கிறீங்க. இதுக்கெல்லாம் ஆள் அனுப்புனா நாங்க எங்கம்மா போறது?"

"வீட்ல சொட்டுத் தண்ணி இல்ல சார். பக்கத்து வீட்லேர்ந்து கொடத்துல தூக்கிட்டு வர்றேன்."

"அக்கம்பக்கத்துல விசாரிங்க. எதுனா தெரிஞ்சா எங்களுக்கு ஒரு போன் போடுங்க."

விசாரணை தன்னுடைய பொறுப்பு என்பது ரோசாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொலை வழக்கையும் செத்தவர் வீட்டாரிடமே ஒப்படைத்துவிட்டால் மந்திரியை இன்னும் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாமே என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு வெளியே வந்து ஸ்கூட்டியைக் கிளப்பும்போதுதான் கண் கலங்கியது.

சரி, கொடுத்த வேலையைச் செய்வோம் என்று பழைய இரும்புக் கடைகளாக ஏறி இறங்கினார். வில்லியனூர் சாலையில் கோவிந்தராசுவின் கடையில், உடைந்த மின்விசிறிகளுக்கு நடுவே அவருடைய மோட்டார் உட்கார்ந்திருந்தது. வீட்டு ஜன்னலுக்கு அடித்தபோது சிந்திய பச்சை பெயிண்ட் அதன் முதுகில் அப்படியே இருந்தது.

"இது எங்க வீட்டு மோட்டார்."

"எடை போட்டு வாங்குனதும்மா. எடுக்கக் கூடாது."

ரோசா எடுத்தார். ஸ்கூட்டியில் காலடியில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

பிளம்பர் வருவதற்கு முன் ஜீப் வந்தது. கடையில் புகுந்து திருடிவிட்டதாகக் கோவிந்தராசு போன் செய்திருந்தார். மந்திரி, கொலை எல்லாவற்றுக்கும் நடுவே ஏட்டுக்கு எப்படியோ நேரம் கிடைத்திருந்தது. தெருவே வேடிக்கை பார்க்க ரோசா ஜீப்பில் ஏறினார். ஸ்டேஷனில் கோவிந்தராசுவைப் பார்த்ததும் கோபம் வந்தது.

"காலையில ரொம்பச் சின்ன மோட்டாரா இருந்துச்சு சார். சாயங்காலத்துக்குள்ள இவ்ளோ பெருசா வளந்துடுச்சா?"

ஏட்டு எழுத நோட்டை இழுத்தார்.

"சரி, கேஸ் போடுங்க. அப்படியே இவருக்கு அத யாரு வித்தாங்கன்னும் எழுதிக்குங்க" என்றார் ரோசா.

கோவிந்தராசுவுக்கு உடனே கேஸ் பிடிக்காமல் போனது. "வேணாம் சார். அக்காவே வச்சிக்கட்டும்." புகார் எதுவும் இல்லை என்று இருவரும் எழுதிக் கொடுத்தார்கள். திருட்டே நடக்காத ஊர் என்ற பெயர் அந்த வட்டாரத்துக்கு நிலைத்தது. மோட்டாரைக் கழற்றியவன் யார் என்று யாருமே கேட்கவில்லை.

ரோசா கவுன்களை மாதாகோவில் பூசைக்கு முன் எப்படியோ தைத்து முடித்தார். அடுத்த வாரம் பாக்கியலட்சுமி என்றொரு பெண் வாசலில் வந்து நின்றாள். அவள் வீட்டு கேஸ் சிலிண்டரைக் காணவில்லையாம்.

"ஸ்டேஷனுக்குப் போனீங்களா?" என்றார் ரோசா.

"போனேன்க்கா. ஏட்டய்யாதான் உங்களப் பாக்கச் சொன்னாரு."

ரோசாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "வண்டியில ஏறு" என்றார்.