முதலில் பதில், பிறகு ஜோக்

என் தாய்மாமாவுக்கு நேராகப் பதில் சொல்லவே வராது. சிறுசேரி கம்பெனி ஒன்றுக்கு வேன் ஓட்டுகிறவர். அரைத்தூக்கத்தில் ஏறும் கம்ப்யூட்டர்காரர்களைச் சிரிக்க வைத்துத்தான் இறக்கிவிடுவார். ரத்தப் புற்றுநோய் வந்தபோதும் அந்த வாய் ஓயவில்லை.

வழக்கமான மருந்துகளுக்கு நோய் அடங்குவதும் மறுபடி தலைதூக்குவதுமாக இருந்ததால், டாக்டர்கள் ஒரு புது சிகிச்சை சொன்னார்கள். அவர் ரத்தத்திலிருந்தே சில அணுக்களை எடுத்து, புற்றுநோயை அடையாளம் கண்டு அழிக்கும்படி மாற்றி, திரும்ப அவர் உடம்பிலேயே ஏற்றுவார்களாம். நான்காம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த எனக்கு மாமா விளக்கியது வேறு மாதிரி.

"என் ரத்தத்துல கீற போலீஸ்காரங்க எல்லாம் சோம்பேறிங்க. டிரெய்னிங்குக்கு அனுப்பிகீறேன். திரும்பி வந்தா தடியடிதான்."

ஏற்றி முடித்தபின் சில வாரங்கள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்றார்கள். அதனால் மாமா கோவிலம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே ஒரு வேலையும் வந்தது. உள்ளே நடக்கும் சண்டையில் சிலருக்கு மூளை குழம்புமாம். ஆகவே காலையும் மாலையும் பேர், ஊர் கேட்டு, சில பொருள்களைக் காட்டி என்னவென்று சொல்லச் சொல்ல வேண்டும்.

"பதில் தடுமாறிச்சுன்னா யோசிக்காதீங்கம்மா, உடனே கூட்டிட்டு வந்துடுங்க" என்று நர்ஸ் அக்கா அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

அம்மா கேட்க ஆரம்பித்தால் பாதியிலேயே கண் கலங்கிவிடும். எனவே அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. கையில் ஸ்கேலோடு நின்று நான் ஊர் கேட்டால் மாமா லண்டன் என்பார். சீப்பைக் காட்டினால், முடியெல்லாம் கொட்டிப்போன தலையைத் தடவிக்கொண்டு, "இது எனக்கு ஆகாத சாமான், டீச்சர்" என்பார். எனக்குச் சிரிப்பு தாங்காது. அம்மாவோ ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட ஓடுவாள். கடைசியில் அப்பா சட்டம் போட்டார்: முதலில் சரியான பதில், பிறகு ஜோக். மாமா முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

ஒரு நாள் சாயங்காலம் சீப்பைக் காட்டினேன். மாமா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சாவி" என்றார். பேனாவைக் காட்டினேன். அதுவும் சாவி. என் ஸ்கேலும் சாவி. நான் தரையில் உருண்டு சிரித்தேன். நான் சிரிப்பதைப் பார்த்து மாமாவும் லேசாகச் சிரித்தார். ஆனாலும் சட்டம் சட்டம்தானே? சமையலறைக்கு ஓடினேன்.

"அம்மா, மாமா ரூல்ஸ மீறுறாரு! பதிலே சொல்லாம ஜோக் சொல்றாரு!"

கோள் சொன்னால் வழக்கமாக எனக்குத்தான் திட்டு விழும். அன்று அம்மா கையிலிருந்து தோசைக்கரண்டி விழுந்தது. அப்பா ஆட்டோ பிடிக்க ஓடினார். மாமா கையில் சீப்போடு ஏறினார். நான் வாசலில் நின்று, "டாட்டா, சாவி மாமா!" என்று கையாட்டினேன்.

தாமதிக்காமல் கொண்டுவந்ததால் மருந்திலேயே சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். சில நாள் கழித்து வீடு திரும்பிய மாமா, உட்கார்ந்ததும், "இன்னா டீச்சர், இன்னிக்குப் பரீட்சை இல்லியா?" என்றார். சீப்பைக் காட்டினேன்.

"சீப்பு."

பேனாவைக் காட்டினேன்.

"பேனா."

அப்பா கை தட்டினார். நான் கணக்கில் நூறு வாங்கியபோதுகூடத் தட்டாத கை அது. அம்மா புடவைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் ஜோக்குக்காகக் காத்திருந்தேன். மாமா மாஸ்க்குக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டாரே தவிர, ஜோக் வரவில்லை. எனக்கு ஒரே ஏமாற்றம்.

"போங்க மாமா, அன்னைக்கு சாவின்னு சொன்னீங்களே, அதுதான் செம ஜோக். இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றேன்.

அப்பாவும் அம்மாவும் மாமாவைப் பார்த்தார்கள். முதலில் சிரித்தது மாமாதான். அத்தனை நல்ல ஜோக்குக்குச் சிரிக்க அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏன் அவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்கு அன்று விளங்கவே இல்லை.