ஏழுக்கு ஒன்பதில் ஓர் அறை

எங்கள் கட்டடத்தில் அவளைக் கப்பலக்கா என்றுதான் அழைப்போம். அவள் ஒரு நாளும் கப்பலில் ஏறியதில்லை. படகைப் பார்த்தாலே தலைசுற்றும் என்பாள். கணவர் சரக்குக் கப்பலின் இயந்திர அறையில் வேலை பார்த்ததால் வந்த பெயர் அது. அவளுடைய சொந்த வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். வருபவரின் கண்மணிகளுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, மூக்கிலும் காதிலும் உறுத்தாதபடி சட்டத்தை வளைத்துக் கொடுப்பாள். முன்பின் அறியாத முகத்தைப் பார்த்தவுடனே, இடது காது வலது காதைவிட ஒரு நூல் மேலே இருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

கணவருக்கு ஒன்பது பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. இருபத்தெட்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. ஒரே மகள் திருமணமாகி வேற்றூருக்குப் போய்விட்டாள். இந்த ஆண்டு அவருக்கு ஓய்வு என்று உறுதியானதும், அவர் வருவதற்குள் வீட்டைச் செப்பனிட வேண்டும் என்று கப்பலக்கா முடிவு செய்தாள்.

"உள்ரூம் பெருசா இருக்கில்ல, அதுல ஜன்னலோரமா ரெண்டு நாற்காலி. ரெண்டு பேரும் உக்காந்து காலையில பேப்பர் பார்க்கணும். எனக்கு அவ்வளவுதான்" என்று மாடிப்படியில் என்னிடம் சொன்னாள். அந்த ஆசைக்கு வயது இருபத்தெட்டு என்பது அவள் சொல்லாமலே எனக்குப் புரிந்தது.

உள்ளலங்கார வடிவமைப்பாளர் என்றால் வண்ண அட்டையும் திரைச்சீலைத் துண்டுகளுமாக வந்து இறங்குவார் என்று நாங்கள் எண்ணியிருந்தோம். வந்தவர் நாற்பது வயதுப் பெண்மணி. தோளில் ஒரு பை, கையில் அளவு நாடா. வண்ணத்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினார். ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று குறித்துக்கொண்டார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் இரண்டு தாள்களை மேசைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் நாற்பது கேள்விகள்.

"அக்கா, ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு சாருக்கு. அவங்கவங்க தாளை அவங்கவங்கதான் எழுதணும். அடுத்தவருக்காக எழுதிடாதீங்க. நிறைய வீட்ல தப்பு அங்கதான் ஆரம்பிக்கும்."

"அவர் நடுக்கடல்ல இருக்காரு. போன் கிடைச்சாலே பெரும்பாடு. எனக்குத் தெரியாததா, டிசைனரம்மா? நானே எழுதிடறேன்."

அடுத்தவர் முகத்தை மில்லிமீட்டரில் அளப்பவளுக்குத் தன் கணவரைப் பற்றி எழுதுவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஒரே மாலையில் இரண்டு தாள்களையும் நிரப்பிக் கொடுத்துவிட்டாள்.

மறுவாரம் வடிவமைப்பாளர் வந்தபோது நானும் அங்கிருந்தேன். கணவருக்காக எழுதிய தாளை அவர் மேசைமேல் விரித்து, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பகலில் எங்கே உட்காருவார்? வாசற்கதவை ஒட்டிய நாற்காலியில். துணிகளை எங்கே வைப்பார்? பெட்டியிலேயே. கோபம் வந்தால் எங்கே போவார்? கோபப்பட மாட்டார். வீட்டில் எது அவருக்குப் பிடிக்காது? எல்லாம் பிடிக்கும்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. இது வீட்டுக்காரர் தாள் மாதிரி இல்ல. விருந்தாளி தாள் மாதிரி இருக்கு."

கப்பலக்கா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. தாளைத் தன் பக்கம் திருப்பி, தான் எழுதியதைத் தானே முதன்முறையாகப் படிப்பவளைப்போல் மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"அவரையே கேக்கறேன்" என்றாள்.

கேள்விகள் கைப்பேசி வழியாகப் போயின. கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்தைத் தொட்ட அன்று பதில் வந்தது. எண்ணிட்டு, ஒழுங்காக, இயந்திர அறைக் குறிப்பேட்டில் எழுதுவதுபோல் எழுதியிருந்தார். படுக்க ஓர் அறை போதும். நீளம் ஒன்பது அடி, அகலம் ஏழு. கட்டில் இரண்டரை அடி, ஒரு பக்கம் சுவரை ஒட்டி. கட்டிலுக்குக் கீழே இழுப்பறைகள். பொருள்கள் உருளாமல் இருக்க மேசை விளிம்பில் விரல் உயரத் தடுப்பு. ஜன்னல் அவசியமில்லை. அறையை யாருடன் பகிர்ந்துகொள்வீர்கள் என்ற கேள்விக்கு, "தனியாகப் படுத்தே பழக்கம்" என்று மட்டும் இருந்தது.

"கப்பல்ல இருக்கற ரூமை அப்படியே எழுதியிருக்காரு" என்றார் வடிவமைப்பாளர், மெதுவாக. பெரிய அறையை மரப்பலகைத் தடுப்பால் பிரித்தால் இது முடியும். ஆனால் இரண்டு நாற்காலிகளுக்கு இடம் இராது, ஒன்றுக்குத்தான் இருக்கும் என்றும் சொன்னார்.

"ஒண்ணு யாருக்கு?" என்று கேட்டாள் கப்பலக்கா. வடிவமைப்பாளர் அளவு நாடாவைச் சுருட்டிப் பையில் வைத்தார்.

ஒரு வாரம் கழித்து, காலையில் பாலுக்கு நின்றபோது, "அவர் கேட்டபடியே போட்டுடச் சொல்லிட்டேன். வர்றவருக்கு வசதியா இருக்க வேண்டாமா?" என்றாள். வருகிறவர் என்று அவள் சொன்ன விதம் எனக்கு உறுத்தியது.

அந்த வடிவமைப்பாளரிடம் ஒரு வழக்கம் உண்டு. பலகையை அறுப்பதற்கு முன், வரவிருக்கும் சுவர், கதவு, கட்டில் எல்லாவற்றையும் உண்மையான அளவில் தரையில் ஒட்டுநாடாவால் குறித்துவிடுவார். வீட்டார் இரண்டு நாள் அதற்குள் வாழ்ந்து பார்த்த பிறகே கையெழுத்து. நீல நாடா ஒட்டிய மறுநாள் கப்பல்காரர் வந்து சேர்ந்தார். நரைத்துப்போன, அகன்ற தோள்களையுடைய மனிதர். பெட்டியுடன் உள்ளே போனவர் நாடாவின் முன் நின்றார். கதவு என்று குறித்திருந்த இடைவெளி வரை சுற்றிப் போய், அதன் வழியாகவே நுழைந்தார்.

அளவு சரிபார்க்க வந்திருந்த தச்சரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணே, அது சுவரு இல்ல, வெறும் டேப்பு. தாண்டினா முட்டாது."

"முட்டாதுன்னு எப்படிச் சொல்றீங்க? நாளைக்கு நீங்கதானே சுவரு வைக்கப்போறீங்க" என்றார் அவர்.

இரண்டாம் நாள் மாலையில் நடந்ததைக் கப்பலக்காவே எனக்குச் சொன்னாள். அவர் நாடாவுக்குள், கட்டில் என்று குறித்திருந்த இடத்தில் தரையில் அமர்ந்திருந்தார். அவள் வெளியே நாற்காலியில் இருந்தாள். இருவருக்கும் இடையே இரண்டடி கூட இல்லை.

"உள்ள வரலாமா?"

"கதவு திறந்துதானே இருக்கு."

அவள் கதவின் வழியாகவே போய், தான் அவருக்காக எழுதிய பழைய தாளைக் கொடுத்தாள். "நீங்க எழுதறதுக்கு முன்னாடி உங்களுக்காக நான் எழுதினது. எவ்வளவு தப்புன்னு பாருங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "காப்பிக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரையா? சர்க்கரையை விட்டு ஆறு வருஷம் ஆச்சே."

"போன தடவை கூடக் குடிச்சீங்களே."

"நீ போட்டுக் குடுத்தே. குடிச்சேன்."

"வேண்டாம்னு சொல்ல வாய் இல்லையா?"

"ரெண்டு மாசத்துக்கு வந்துட்டு அது வேண்டாம் இது வேண்டாம்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

அவளுக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியவில்லை என்றாள். "சரி, இந்தப் பொந்து எதுக்கு? என் பக்கத்துல படுக்கப் பிடிக்கலையா?"

அவர் நாடா ஒட்டிய இடத்துக்கு மேலே கையை நீட்டி வெறும் காற்றைத் தொட்டார். "அங்க கையை நீட்டினா சுவர் இருக்கும். இஞ்சின் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்; நின்னாத்தான் முழிப்பு வரும். இங்க சத்தமே இல்ல. பெரிய ரூம்ல படுத்தா எங்க இருக்கேன்னே தெரியல. வீட்டுல இருந்த ஒரு லீவுலயும் நான் சரியாத் தூங்கினதில்ல."

"சொல்லவே இல்லையே."

"நீ நல்லாத் தூங்குவே. அதைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பேன்."

மூன்றாம் நாள் காலை வடிவமைப்பாளர் வரைபடத்துடன் வந்தார். பின்னாலேயே தச்சர் இரண்டு ஆள்களுடன் பலகைகளைச் சுமந்து வந்து கூடத்தில் சாய்த்தார். கப்பலக்கா வரைபடத்தைப் பார்க்காமலே தன் பெயரைக் கையெழுத்திட்டுப் பேனாவைக் கணவரிடம் நீட்டினாள். முந்தைய மாலை கேட்டதற்குப் பிறகு, அவர் நிம்மதியாகத் தூங்க வேண்டும் என்பதைத் தவிர வேறெதையும் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அவள் கண் ஒரு முறை ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியதை நான் பார்த்தேன். அவரும் பார்த்திருக்க வேண்டும்.

"இதுல கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாதா?" என்று கேட்டார்.

"பலகையை அறுத்துட்டா முடியாதுங்க" என்றார் வடிவமைப்பாளர்.

கப்பல்காரர் பேனாவை மூடினார். "எனக்கு ஒரு மாசம் டைம் குடுங்க. இந்த வீடு எனக்குத் தெரியாது. தெரியாம எதையோ எழுதிக் குடுத்துட்டேன். இருந்து பார்த்துட்டு மறுபடி எழுதறேன்."

"கலர் சரியில்லைன்னு டைம் கேட்டவங்கள பார்த்திருக்கேன், வீடே தெரியாதுன்னு கேட்டவர் நீங்கதான்" என்று தச்சர் முணுமுணுத்தார். வடிவமைப்பாளர் அவரைக் கண்ணாலேயே அடக்கிவிட்டு, பையிலிருந்து புதிய கேள்வித்தாள் ஒன்றை எடுத்துக் கப்பல்காரர் முன் வைத்தார்.

ஒவ்வொரு விடுப்பின் முடிவிலும் இன்னும் பத்து நாள் இருங்கள் என்று கேட்டவள் கப்பலக்கா. கூப்பிட்டுவிட்டார்கள் என்று சொல்லிப் பெட்டியைத் தூக்கியவர் அவர். இன்னும் சில நாள் இருக்கிறேன் என்று அவர் வாயால் அவள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. அவள் அவர் அருகே போய் நின்றாள்.

"ஒரு மாசம் போதுமாங்க?"

"பத்தலேன்னா இன்னொரு மாசம் கேப்போம்" என்றார் அவர்.