மங்கலான அந்த ‘மற்ற போன்’

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை. காலை ஒன்பது மணி இருக்கும். தோசைக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் என் நாத்தனார் ஜெயசீலி வந்து நிற்கிறாள். திருச்செந்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். கையில் ஒரு மஞ்சப்பை. முகம் சரியில்லை.

“மைனி, எனக்கு ஒரு போன் வாங்கணும். இன்னைக்கே வாங்கணும்” என்றாள். எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவியை மைனி என்றுதான் கூப்பிடுவார்கள்.

புதுப் போன் வாங்க வருகிறவள் முகம் இப்படியா இருக்கும்?

பையைத் திறந்து சாப்பாட்டு மேசையில் கொட்டினாள். சிப்பியில் செய்த குங்குமச் சிமிழ்கள், ஒரு டஜன். பழுப்பு கலந்த வெள்ளை நிறம். மேலே காபித்தூள் நிறத்தில் மெல்லிய வரிகள். பார்க்க அவ்வளவு லட்சணம்.

ஜெயா திருச்செந்தூரில் கோயிலுக்குப் போகிற ரோட்டில் சிப்பிக்கடை வைத்திருக்கிறாள். கொஞ்ச காலமாக வாட்ஸ்அப்பில் படம் போட்டு வெளியூருக்கும் அனுப்புகிறாள். கோயம்புத்தூரில் ஒரு அம்மா, மகள் கல்யாணத்தில் தாம்பூலப் பைக்குள் வைத்துக் கொடுக்க முந்நூறு சிமிழ் கேட்டிருந்தார். மாதிரிக்கு ஒரு டஜன் அனுப்பியிருக்கிறாள். அந்த ஒரு டஜன்தான் இப்போது என் மேசையில் கிடக்கிறது. திருப்பி அனுப்பிவிட்டார்கள். கூடவே ஒரு மெசேஜ் - ‘படத்துல ரோஸ் கலர்ல இருந்துச்சு. வந்தது வேற கலர். ஏமாத்தறீங்களா?’

“பன்னெண்டு வருசமா கடை போட்டிருக்கேன் மைனி. ஒருத்தர் என்னைய ஏமாத்துக்காரின்னு சொன்னதில்ல” என்றாள். கண் கலங்கிவிட்டது. “நான் ரோஸ்னு சொல்லவே இல்ல. இந்தப் பாழாப்போன போன் அப்படிக் காட்டுது. ஒரே ஒரு தடவ சரியான படம் அனுப்புதேன்னு கெஞ்சிக் கேட்டிருக்கேன். சனிக்கிழமை முடிவு சொல்லுதாங்களாம்.”

அவள் போனை வாங்கி ஒரு சிமிழைப் படம் எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். மேசையில் பழுப்பு வெள்ளை, திரையில் ரோஜாப்பூ நிறம்.

ப்பூ, இவ்வளவுதானா என்று நினைத்தேன். ஏனென்றால் முந்தின நாள் பேப்பரிலும் அன்றைய பேப்பரிலும் முதல் பக்கம் முழுக்க போன் விளம்பரங்கள். இரண்டும் கேமராவைப் பற்றியவை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன். அங்கேதான் என் குழப்பம் ஆரம்பித்தது.

திங்கட்கிழமை விளம்பரத்தில் ஒரே பெண்ணின் முகம் இரண்டு தடவை. இடது பக்கம் மங்கலாக, பத்து நாள் காய்ச்சலில் கிடந்தவள் மாதிரி. அதற்கு மேலே ‘மற்ற போன்’. வலது பக்கம் பளபளவென்று. அதற்கு மேலே ‘எங்கள் போன்’. செவ்வாய்க்கிழமை விளம்பரம் எதிர்க் கம்பெனியுடையது. அதிலும் ஒரு பெண். அதிலும் ஒரு மங்கல், ஒரு பளபளப்பு. அதிலும் ஒரு ‘மற்ற போன்’.

இவர் சொல்கிற ‘மற்ற போன்’ அவர். அவர் சொல்கிற ‘மற்ற போன்’ இவர். அப்படியானால் இரண்டு போனும் பளபளப்பானவை, இரண்டுமே மங்கலானவை... நான் எதை வாங்க? ‘இரண்டு மடங்கு துல்லியம்’ என்கிறார்கள். சரி, எதைவிட இரண்டு மடங்கு? அதை யாராவது சொன்னால் அல்லவா தெரியும்.

“கீழ என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

இவரைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் முப்பது வருடம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். சரக்குக்குக் கப்பல்காரர்கள் கொடுக்கிற பில்லின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து இருக்குமே, அதை வாசிப்பதுதான் அவர் உத்தியோகம். வீட்டில் மிக்சி வாங்கினாலும் முதலில் வாரண்டி அட்டையைத்தான் வாசிப்பார். மிக்சியைப் பார்ப்பது அடுத்த நாள்தான்.

“கண்ணாடிய எடுத்துட்டு வாரேன்” என்றார்.

“அதெல்லாம் கடையில போய் வாசிச்சிக்கிடலாம். கிளம்புங்க” என்றேன். எனக்கு அவ்வளவுதான் பொறுமை.

முதலில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற கடை. செவ்வாய்க்கிழமைக் கம்பெனியின் போன்கள் விற்கிற கடை. அண்ணாச்சி ஒருவர் கல்லாவில் இருந்து எழுந்து வந்து, ஃபேனை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்.

“அண்ணாச்சி, உள்ளத உள்ளபடி காட்டுத போன் ஒண்ணு வேணும்” என்றாள் ஜெயா.

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. “எல்லாரும் பளிச்சுன்னு காட்டுத போன்லா கேப்பாங்க?”

“எனக்குப் பளிச்சு வேண்டாம் அண்ணாச்சி. நிறம் மாறாம இருந்தாப் போதும்.”

அவர் ஒரு அட்டையை எடுத்து வைத்தார். இரண்டு வரிசை. ஒன்றில் எல்லாம் பச்சை டிக், மற்றதில் பெரும்பாலும் சிவப்புப் பெருக்கல் குறி. “இங்கன பாருங்க. நமக்குப் பன்னெண்டு டிக். அவங்களுக்கு மூணுதான்.”

“இதுல நிறம் மாறாதுன்னு ஒரு கட்டம் இருக்கா?”

மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடினார். கீழிருந்து மேலே ஒரு தடவை தேடினார். “அப்படி ஒரு கட்டம் இல்லியேம்மா” என்றார். நல்ல மனுஷன். இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நாங்கள் வாங்கியே இருப்போம்.

ஒரு புதுப் போனை எடுத்துச் சிமிழைப் படம் பிடித்துக் காட்டினார். ஜெயாவின் பழைய போனும் இதே கம்பெனிதான். பழையதில் ரோஸ். புதியதில், பெண் பார்க்க வந்த அன்று வெட்கப்பட்ட மாதிரி சிமிழ் நன்றாகவே சிவந்திருந்தது.

“பாத்தியளா, எவ்வளவு ரிச்சா இருக்கு” என்றார் அண்ணாச்சி.

ஜெயா சிமிழை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அடுத்தது எதிர்வரிசையில் உள்ள கடை. திங்கட்கிழமைக் கம்பெனி. ஏசி போட்ட ஷோரூம். கம்பெனி டீஷர்ட் போட்ட பெண் ஒருத்தி வரவேற்றாள். இங்கேயும் அதே மாதிரி ஒரு அட்டை. ஆனால் பன்னிரண்டு டிக் இவர்களுக்கு, மூன்று டிக் எதிர்க்கடைக்கு.

“எதிர்க்கடையில தலைகீழாச் சொல்லுதாங்களேம்மா?” என்று கேட்டேன்.

“அவங்க வேற டெஸ்ட் எடுத்திருப்பாங்க ஆன்ட்டி” என்றாள் சிரித்தபடி.

என்ன டெஸ்ட் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

பிறகு அவள் தன் புதுப் போனில் சிமிழைப் படம் எடுத்தாள். ரோஸ் இல்லை. அப்பாடா என்றிருந்தது. ஆனால் ஜெயா திரையை உற்றுப் பார்த்தாள்.

“மேல உள்ள வரியெல்லாம் எங்க?”

சிமிழ் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரு வரி இல்லை.

“ஸ்மூத் பண்ணியிருக்கும் ஆன்ட்டி. முகத்துல சுருக்கம் இருந்தாலும் இப்படித்தான் எடுத்துரும்.”

“இது முகம் இல்லியேம்மா. சிப்பில்லா?”

அந்தப் பெண் ஏதோ செட்டிங்கை அணைத்தாள். வரிகள் பாதி திரும்பி வந்தன. நிறம் வரவில்லை. இன்னொன்றையும் அணைத்தாள். சுண்ணாம்பு போய்ப் பால் ஆனது, அவ்வளவுதான். ஜெயா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “சனிக்கிழமை என்ன மைனி சொல்லுவேன்?” என்றாள். எனக்குச் சங்கடமாக இருந்தது.

இவரைக் காணோமே என்று திரும்பிப் பார்த்தால்... கடை நடுவில் அந்தத் திங்கட்கிழமை விளம்பரத்தை ஆளுயர அட்டையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் மனுஷன் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மூக்கு தரையைத் தொடாத குறை. எல்லோரும் பார்க்கிறார்கள். எனக்கு மானம் போகிறது.

“இங்க வா” என்றார். “‘மற்ற போன்’க்குப் பக்கத்துல ஒரு நட்சத்திரம் போட்டிருக்கான். கீழ விளக்கம் இருக்கு. வாசிக்கேன், கேளு. ‘ஒப்பீடு எங்கள் நிறுவனத்தின் முந்தைய மாடலுடன். படங்கள் விளக்கத்துக்காக மட்டும்.’”

எதிர்க்கடை போனே இல்லையா? இவர்கள் தங்கள் பழைய போனைத்தான் திட்டியிருக்கிறார்களா?

“முந்தைய மாடல்னா எதும்மா?” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார் இவர்.

அவள் தயங்கினாள். பிறகு என் கையைக் காட்டினாள். “ஆன்ட்டி கையில வச்சிருக்காங்களே... அதுதான் சார்.”

வாசகர்களே, இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே கம்பெனி, இதே மாதிரி முழுப்பக்க விளம்பரம். அப்போது வலது பக்கம் பளபளத்தது என் போன். அதை நம்பித்தான் வாங்கினேன். ஊரெல்லாம் சிபாரிசும் செய்தேன். இப்போது அதையே இடது பக்கம் தள்ளி, காய்ச்சல்காரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை. போன் அப்படியேதானே இருக்கிறது?

ஜெயா என்ன நினைத்தாளோ, என் போனை வாங்கினாள். கண்ணாடி மேசை மேல் சிமிழை வைத்துப் படம் எடுத்தாள். திரையையும் சிமிழையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்களிடம் நீட்டினாள்.

பழுப்பு கலந்த வெள்ளை. காபித்தூள் வரிகள், எண்ணி எடுக்கலாம்.

“இதாம்லா மைனி” என்றாள். காலையிலிருந்து அப்போதுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அப்புறம் என்ன? என் போன் அவள் கைக்குப் போனது. போன் இல்லாமல் நான் எப்படி இருக்க? அதே கடையில், அந்த வரிகளை அழிக்கிற புதுப் போனை நான் வாங்கிக்கொண்டேன். நாங்கள் முட்டி போட்டு வாசித்தும்கூட, கம்பெனிக்கு ஒரு போன் விற்றுவிட்டது. இது எப்படி என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மத்தியானமே ஜெயா கோயம்புத்தூருக்குப் படம் அனுப்பினாள். உடனே பதில் - ‘படம் டல்லா இருக்குதுங்களே. வேற ஒருத்தர் அனுப்புன படம் பளிச்சுனு இருக்குது.’

அந்த அம்மா வீட்டிலும் ஒரு ‘மற்ற சிமிழ்’ வந்துவிட்டது பாருங்கள். ஜெயா யோசிக்காமல் பதில் அடித்தாள் - ‘அம்மா, சிப்பி இந்த நிறத்துலதான் இருக்கும். ரோஸ் வேணும்னா என்கிட்ட இல்லை. இந்தப் படத்தோட வச்சு இன்னொரு தடவ நேர்ல பாத்துட்டுச் சொல்லுங்க, ஒண்ணு அனுப்புறேன்.’

“ஏளா, இருக்குத ஆர்டரையும் கெடுத்துக்கிடாத” என்றேன்.

“போனாப் போகுது மைனி. ஏமாத்துதேங்குத வார்த்தைய இன்னொரு தடவ கேக்க என்னால முடியாது” என்றாள். அன்றைக்கே கூரியரில் ஒரு சிமிழை அனுப்பிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினாள்.

புதன் போனது. வியாழன், வெள்ளி போனது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஜெயாவிடமிருந்து அழைப்பு. கோயம்புத்தூர் அம்மாவின் மெசேஜை வாசித்தாள். ‘படத்தை விட நேர்ல ரொம்ப நல்லா இருக்குதுங்க. அன்னைக்கு ரோஸ எதிர்பாத்துப் பிரிச்சதால அப்படிச் சொல்லிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. முந்நூறும் அனுப்பிடுங்க.’

படத்தைவிட நேரில் நன்றாக இருக்கிறது! நான் இத்தனை வருடத்தில் எந்தப் பொருளைப் பற்றியும் யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இந்த ஒரு வரியை எழுதத் தெரிந்த விளம்பரக் கம்பெனி எங்கேயாவது இருந்தால் சொல்லுங்கள், அந்தப் போனை வாங்குகிறேன்.

இந்த வாரம் இந்தப் பத்தியின் தலைப்புக்குப் பக்கத்தில் என் புதுப் படம் வந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். புதுப் போனில் எடுத்தது. நெற்றியில் ஒரு கோடு இல்லை. கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை. பத்து வயது குறைந்துவிட்டது. இவர் அதைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்.

“நாங்க கப்பல்ல மூடி சீல் வச்ச பெட்டி ஏத்தும்போது, உள்ள என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது. அதனால பில்லுல ‘இன்ன சரக்கு இருப்பதாகச் சொல்லப்படுகிறது’ன்னு ஒரு வரி போட்டுருவோம். பின்னால யாரும் எங்களக் கேள்வி கேக்க முடியாது” என்றார்.

பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். என் படத்துக்குக் கீழே ஒரு சின்ன நட்சத்திரம் போட்டு, பொடி எழுத்தில் - ‘இவர்தான் என்று சொல்லப்படுகிறது.’